ஊவாத் தோட்டங்களிற் செய்தியும் சாட்சியும்: கிறிஸ்தவரும் சமூக ஊடகமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் உற்பத்தி முறையைக் கொண்டும் ஆட்சி முறையைக் கொண்டும் ஆராய்தல் வழக்கம். அச்சமுதாயத்திற் செய்தி எவ்வழியாகச் சென்றது, அதனைச் சுமந்தவர் யாவர், அதன் உண்மைக்குப் பொறுப்பேற்றவர் யாவர் என்னும் வினாக்களும் அவற்றுக்குக் குறைந்தவையல்ல. பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் பொறுத்தவரையில் இவ்வினாக்கள் இன்று புதிய அவசரத்துடன் எழுந்துள்ளன. ஒரு காலத்தில் தோட்டத்து எல்லையைத் தாண்டிச் செல்வதற்கு ஒரு கிழமை எடுத்த செய்தி இன்று லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் இளைஞனின் விரல் நுனியிலிருந்து ஒரு நொடியில் உலகெங்கும் பரவுகின்றது. முகநூலும் வாட்ஸ்அப்பும் தோட்டத்துக் கிறிஸ்தவரது வழிபாட்டு அறிவித்தலையும் மரண அறிவித்தலையும் வதந்தியையும் ஒரே பாதையிற் கொண்டு செல்கின்றன. இச்சாதனங்களைக் கிறிஸ்தவர் அறிவுடன் பயன்படுத்தல் எங்ஙனம் என்னும் வினாவிற்கு ஊவாவின் வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறிஸ்தவம் தன்னை ஒரு செய்தியாகவே அறிமுகப்படுத்திக்கொண்ட சமயம். நற்செய்தி என்னும் சொல்லே இதற்குச் சான்று. அச்செய்தியைச் சுமந்தோர் சாட்சிகள் எனப்பட்டனர். கிரேக்க மொழியிற் சாட்சியைக் குறித்த சொல்லே பின்னர் உயிர்நீத்த இரத்தசாட்சியையும் குறிப்பதாயிற்று. சாட்சி என்பவன் தான் கண்டதையும் கேட்டதையும் கூறுபவன் மட்டுமல்லன். கூறியதற்குப் பொறுப்பாளியாக நிற்பவனுமாவான். பத்துக் கட்டளைகளுள் ஒன்று பிறனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி பகர்தலைத் தடுப்பதும், யாக்கோபின் நிருபம் நாவினைப் பெருங்காட்டை எரிக்கவல்ல சிறு நெருப்பாகக் காண்பதும் இந்நோக்கினின்றே எழுந்தவை. ஆகவே, சமூக ஊடகம் பற்றிய வினா கிறிஸ்தவருக்கு முற்றிலும் புதியதன்று. சாதனமே புதியது, பொறுப்பு பழையது.

ஊவாவின் மலைச்சாரல்களிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் பரவின. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலை நோய் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டது இம்மாகாணத்து மடுல்சீமைப் பகுதியிலேயாகும். கோப்பி அழியத் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1894இற் பண்டாரவளையையும் 1924இற் பதுளையையும் அடைந்தது. இம்மாற்றங்கள் யாவற்றிற்கும் உழைப்பை நல்கியோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். ஆயின், அவர்கள் வாழ்ந்த தோட்டம் ஒரு மூடிய உலகமாக அமைந்திருந்தது. துரையின் அனுமதியின்றி அந்நியர் உள்ளே வருதல் அரிது. செய்திகள் கங்காணி வாயிலாகவும் கணக்கப்பிள்ளை வாயிலாகவும் காலைப் பெரட்டிலேயே தொழிலாளரைச் சென்றடைந்தன. ஒரு மரணம் நிகழ்ந்தால் தப்பொலி அதனை அறிவித்தது. ஊரிலிருந்து வந்த கடிதத்தை எழுத்தறிந்த ஒருவரிடம் கொடுத்தே படித்தறிய வேண்டியிருந்தது.

எழுத்தறியாத மக்களிடையே எழுத்துக்கு எத்துணை வலிமை இருந்தது என்பதற்குத் துண்டு முறை சிறந்த உதாரணமாகும். தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த அச்சிறு தாள் கையில் இருந்தாலன்றி அவன் வேறொரு தோட்டத்தில் வேலை பெறுதல் இயலாது. தன்னை விலைப்பொருளாக்கிய எழுத்தை அவனே வாசிக்க முடியாதிருந்தான். 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. செய்தியைப் படிக்கத் தெரிந்தவனும் அதனை எழுதத் தெரிந்தவனும் ஏனையோர் மீது அதிகாரம் செலுத்திய இந்நிலையை, பழைய காலத்துச் செய்தித் தொடர்பினை வெறுமனே புகழ்ந்துரைப்போர் மறத்தலாகாது.

இச்சூழலிலேயே கிறிஸ்தவச் செய்தி தோட்டங்களை அடைந்தது. 1854ஆம் ஆண்டில் அங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலித் திருச்சபை அனுப்பிய உபதேசிமார் தோட்டந்தோறும் நடந்து சென்று போதித்தனர். பின்னர் 1880களில் வெஸ்லியன் சபையாரின் ஊவா மிஷன் சாமுவேல் லாங்டன் என்பாரின் முயற்சியாற் பதுளைப் பகுதியில் வேரூன்றியது. கத்தோலிக்கக் குருமாரும் தத்தம் மக்களைத் தேடி இம்மலைகளுக்கு வந்தனர்.

உபதேசியாரின் பணியில் இரண்டு இயல்புகள் நோக்கற்பாலன. முதலாவது, அவர் தம் முகத்தை மறைத்துப் பேசவில்லை. நேற்றுத் தாம் கூறியதற்கு இன்று அதே லயத்தில் விடையிறுக்க வேண்டியவராயிருந்தார். பொய்யுரைத்தால் மறுநாள் அவரை ஏற்பாரில்லை. இரண்டாவது, அவரது பணிச்செலவிற் பெரும்பங்கினைத் தோட்டத்துரைமார் ஏற்றனர். அவர் உள்ளே வந்தது துரையின் இசைவுடனேயாகும். ஆதலின், அவர் கூறிய செய்தி துரையின் குரலாகத் தொழிலாளர் செவிக்கு ஒலித்திருத்தல் வியப்பன்று. பொறுப்புடைமை அவரது பலம். சார்புடைமை அவரது பலவீனம். இவ்விரண்டையும் ஒருங்கே மனங்கொள்ளுதல் வேண்டும்.

எனினும், மிஷன்மார் தோட்டங்களுக்கு அளித்த கொடைகளுள் எழுத்தறிவே நிலைபேறுடையது எனலாம். 1907ஆம், 1920ஆம் ஆண்டுகளின் கல்விச் சட்டங்கள் தோட்டப் பாடசாலைகளைத் துரைமாரின் கடமையாக்குவதற்கு முன்னரே உபதேசிமார் சிலேட்டும் பலப்பமுமாகப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துக் கற்பித்தனர். தனக்கு வந்த கடிதத்தைத் தானே படிக்கும் ஆற்றல் பெற்ற தொழிலாளி கணக்கப்பிள்ளையின் வாயை நம்பியிருக்கும் நிலையிலிருந்து விடுபட்டான். இன்று கைத்தொலைபேசி அளித்துள்ள விடுதலை அன்று தொடங்கிய விடுதலையின் தொடர்ச்சியே.

அச்சியந்திரத்தைக் கிறிஸ்தவர் கையாண்ட வரலாறு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் உதயதாரகையைத் தொடங்கியது. அறிவியலையும் உலகச் செய்திகளையும் தமிழிலே தந்த அவ்விதழின் பணி பெரிது. ஆயின், அக்காலத்து மிஷன் அச்சகங்கள் பிறர் சமயங்களை இழித்துரைத்த துண்டுப்பிரசுரங்களையும் ஏராளமாக வெளியிட்டன. விளைவு யாது? ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி அதே சாதனத்தால் மறுமொழி கூறினார். தென்னிலங்கையில் 1873ஆம் ஆண்டின் பாணந்துறை விவாதம் பௌத்த மறுமலர்ச்சிக்கு ஊக்கமளித்தது. அவ்விவாதத்தின் அச்சிட்ட அறிக்கை கடல் கடந்து சென்று, 1880இற் கேணல் ஒல்கொட் இலங்கை வருவதற்கு வழிகோலியது. அயலானை இகழ எடுத்த கருவி அயலானின் நட்பைத் தரவில்லை. நூற்றாண்டு கடந்தும் ஆறாத ஐயத்தையே தந்தது. இன்று சமூக ஊடகத்திற் பிற மதத்தவரின் வழிபாட்டை ஏளனஞ் செய்யும் கிறிஸ்தவ இளைஞன் தான் புதுமை செய்வதாக எண்ணலாம். உண்மையில் அவன் தன் முன்னோர் செய்த பழைய தவற்றையே வேகங்கூட்டிச் செய்கின்றான்.

சுதந்திரத்தின் பின்னர்ச் செய்தியின் பெறுமதி தோட்ட மக்களுக்கு மேலும் கூர்மையாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்தியர், பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதற்குக் குறிக்கப்பட்ட காலவெல்லை இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தளித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்காலத் தீர்வுக்கு விட்டது. எந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் எந்நாட்டுக்கு உரியவராவர், எத்திகதிக்குள் விண்ணப்பம் சேர வேண்டும் என்பன ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே நிர்ணயித்தன. இத்தகைய நிலையிற் சரியான தகவல் சோற்றுக்கு நிகரானது. தவறான தகவல் நஞ்சுக்கு நிகரானது.

கத்தோலிக்கத் திருச்சபை 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாகச் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய தனி ஆணையொன்றை வெளியிட்டது. அச்சு, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றைப் பயன்படுத்துவோர்க்கும் நுகர்வோர்க்கும் ஒழுக்கப் பொறுப்பு உண்டென்பதை அது வலியுறுத்தியது. 1967 முதல் உலக சமூகத் தொடர்பு நாள் ஆண்டுதோறும் அனுட்டிக்கப்படலாயிற்று. ஊவாவிலே 1972இற் பதுளை மறைமாவட்டம் உருவாகியபோது, அதுவரை கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அதன் முதல் ஆயரானார். பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட இப்புதிய மறைமாவட்டத்தில், ஏழைக் கிராமத்தவரையும் தோட்டத் தொழிலாளரையும் நாடிச் செல்லும் பணிமுறையை அவர் தம் மறைவு வரை வளர்த்தார். அதே 1972இற் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியிற் சத்தியோதயத்தை நிறுவினார். 1980களிற் கண்டியிலிருந்து வெளிவந்த ‘குன்றின் குரல்’ போன்ற ஏடுகள் மலையக மக்களின் வாழ்வையும் எழுத்தையும் தாங்கி வந்தன.

இவ்விடத்தில் ஒரு திருப்பம் நிகழ்ந்தமை தெளிவு. உபதேசியார் காலத்திற் கிறிஸ்தவர் தோட்டத்து மக்களுக்குச் செய்தி கூறினர். இக்காலத்தில் அம்மக்களின் செய்தியைக் கேட்டுப் பிறர்க்குக் கூறலாயினர். பேசுதலினும் கேட்டல் முதன்மை பெற்றது. இதன் உச்சநிலையை ஊவாவின் கீழ்ப்புறத்தே, புத்தளைக்கு அண்மையிலுள்ள அலுகல்லவிட்டவிற் காண்கின்றோம். மைக்கல் ரொட்றிகோ அடிகளார் 1980 முதல் அங்கு பௌத்த விவசாயிகளிடையே வாழ்ந்து, போதிப்பதினும் கேட்பதையே தம் பணியாகக் கொண்டார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சி என்னும் சொல்லின் இரு பொருளும் அவரிடத்தே ஒன்றாயின.

வானொலியின் பங்கும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1969இல் மணிலாவிலே தொடங்கப்பட்ட வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி, போர்க்காலத்தில் இலங்கைத் தமிழர் பலருக்குச் செய்தியளித்தது. வெரித்தாஸ் என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் உண்மை என்பதாம். 2018ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் அவ்வானொலி சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. ஒரு நிலையம் பேசப் பலர் கேட்ட காலம் முடிந்து, கேட்போர் ஒவ்வொருவரும் ஒரு நிலையமாகிவிட்ட காலத்தின் அடையாளமாக இம்மாற்றத்தைக் கொள்ளலாம்.

பொறுப்பேற்பாரின்றிப் பரவும் செய்தியின் கொடுமையை ஊவா மக்கள் இணையம் வருமுன்னரே அறிந்திருந்தனர். 1977 ஆகஸ்டில் யாழ்ப்பாண நிகழ்ச்சிகளைப் பற்றிய மிகைப்பட்டனவும் பொய்யானவுமான வதந்திகள் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் வன்செயலைத் தூண்டின. 1983 ஜூலையிற் பதுளை நகரத்துத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமைப் பெருங்கூட்டம் ஒன்று தாக்கி, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்றது. அதற்கு முன்னர் அப்பகுதியில் முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் காணப்பட்டமை பின்னர்ப் பதிவாகியுள்ளது. இன்று எழுதியவர் பெயரின்றிக் கைமாறிக் கைமாறி வரும் வாட்ஸ்அப் செய்தி அத்தகைய சுவரொட்டியின் இளைய உடன்பிறப்பே.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிற் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியது. அன்று வெளியான செய்திகள் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாகக் கூறின. பின்னர் செய்த கணக்கெடுப்பில் அத்தொகை நாற்பதுக்கும் குறைந்தது. மிகைப்பட்ட எண் உறவினரின் துயரைப் பெருக்கிற்றேயன்றிக் குறைக்கவில்லை. ஆனால், இந்நிகழ்ச்சியில் அதனினும் பெரிய பாடம் ஒன்றுண்டு. அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. உண்மையான செய்தி இருந்தது. ஆயின் அது மக்களை வேறிடத்திற் குடியமர்த்தும் செயலாக மாறவில்லை. பொய் விரைந்து பரவுதல் ஒரு தீமை. மெய் பயன்படாது கிடத்தல் மற்றொரு தீமை. ஆகையால், வாய்மூடியிருத்தலே அறிவுடைமை எனக் கூறுதல் பொருந்தாது.

சமூக ஊடகம் வந்தபின் இவ்விரு தீமைகளும் பன்மடங்காயின. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய் ஒரு காணொளியின் துணையுடன் பரவி, முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் மாதத்திற் கண்டி மாவட்டத்துத் திகனைப் பகுதியில் மூண்ட வன்செயலின்போது அரசு சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அவ்வன்செயலிற் தன் தளம் பயன்பட்டமைக்காக 2020இல் முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிற் குண்டுகள் வெடித்தபோது, கிறிஸ்தவர் தாமே காயமுற்றோராயினர். பழிவாங்க வேண்டாமெனத் திருச்சபைத் தலைவர்கள் மன்றாடினர். கிறிஸ்தவரிற் பெரும்பாலோர் அதற்குச் செவிசாய்த்தனர். எனினும், அடுத்த மாதத்திலே, கத்தோலிக்கர் செறிந்து வாழும் சிலாபம் நகரில், முகநூலில் எழுதப்பட்ட ஒரு சிறு வாக்கியம் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டுப் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. நோவுற்றவன் பொய்யை எளிதில் நம்புகின்றான். தனக்கு நேர்ந்த அநீதி தான் பரப்பும் பொய்யை நியாயப்படுத்தாது என்னும் உண்மையைக் கிறிஸ்தவர் கற்க வேண்டிய கடினமான இடம் இதுவேயாகும்.

மறுபுறத்தே, இச்சாதனம் நன்மைக்குப் பயன்பட்டமைக்கும் மலையகம் சான்று பகர்கின்றது. தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவாக இருந்த காலத்தில், அதனை 1,000 ரூபாவாக உயர்த்துமாறு கோரி, 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி மலையக இளைஞர் பலர் கறுப்பு உடையணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டனர். அவர்களை ஒன்றுகூட்டியவற்றுட் சமூக ஊடகம் முதன்மையானது. கேட்ட தொகை உடனே கிட்டவில்லை. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாகவே உயர்ந்தது. ஆயினும், துரையினதோ கங்காணியினதோ தலைவரினதோ இசைவை எதிர்பாராது ஒரு தலைமுறை தன் குரலைத் தானே எழுப்பியது. பெரட்டுக்களத்திற் கைகட்டி நின்று செய்தி கேட்ட பாட்டனின் பேரன் செய்தியை ஆக்குபவனாயினான். இப்பேற்றை இழக்குமாறு கிறிஸ்தவத்தின் பெயரால் அவனிடம் கூறுதல் அறமாகாது.

2023 மே 28ஆம் திகதியிடப்பட்ட வத்திக்கான் ஆவணமொன்று சமூக ஊடகத்திற் கிறிஸ்தவரின் இருப்பை நல்ல சமாரியன் உவமையின் வழி ஆராய்கின்றது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்றோரும் உளர். நின்று காயங்கட்டியவனும் உளன். ஊவாவின் வரலாற்றையும் இவ்வுவமையையும் இணைத்து நோக்குமிடத்து மூன்று உரைகற்கள் புலனாகின்றன. இச்செய்தியைக் கண்டவர் அல்லது கேட்டவர் யார் என்பது முதலாவது. பெயரறியாச் சுவரொட்டியை மறுமுறை ஒட்டுபவனும் அதற்குப் பங்காளியே. இதனால் அடிபடுபவன் யார் என்பது இரண்டாவது; பாணந்துறையும் சிலாபமும் இதனை நினைவூட்டுகின்றன. இதே சொல்லை அயல் லயத்து இந்துவிடமும், கிராமத்துப் பௌத்தரிடமும், பதுளைக் கடைவீதி முஸ்லிமிடமும் முகத்துக்கு நேரே கூற இயலுமா என்பது மூன்றாவது. உபதேசியாரின் பலம் இதிலேயே தங்கியிருந்தது.

இவ்வுரைகற்கள் பொறுமையை வேண்டுவன. சமூக ஊடகமோ விரைவை வேண்டுவது. சிறுபான்மையினருள்ளும் சிறுபான்மையினராக வாழும் ஊவாத் தோட்டத்துக் கிறிஸ்தவருக்கு இப்பொறுமை வெறும் பக்திப் பயிற்சியன்று. ஒரு பொய்யினால் முதலிற் பற்றி எரிவது லயத்துக் கூரையே என்பதை 1977உம் 1983உம் கற்பித்தன. ஒரு மெய் செயலாகாவிடின் முதலிற் புதைவதும் லயமே என்பதை மீரியபெத்தை கற்பித்தது.

துண்டில் எழுதியதை வாசிக்க இயலாதிருந்த மக்கள் இன்று உலகமே வாசிக்க எழுதுகின்றனர். இவ்வளர்ச்சிக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பும் கண்ணீரும் உள்ளன. எழுதும் உரிமையைப் பெற்றுவிட்ட அவர்களுக்கு எஞ்சியிருப்பது எழுதியதற்குப் பெயரிட்டு நிற்கும் துணிவே. மலைப்பாதையில் நடந்து வந்த உபதேசியாரிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. தாம் சொன்ன சொல்லுடன் மறுநாளும் அதே லயத்துக்குத் திரும்பி வரும் கால்கள் இருந்தன.